தண்ணீரில் அடங்காத முக்காலி

முக்காலி முதலில் அமைதியாகத்தான் மிதந்தது. கதவு வழியாக அடுக்களைக்குள் வந்த தண்ணீர் அதன் கால்களைத் தொட்டு, மெல்லத் தூக்கி, பக்கவாட்டில் சாய்த்தது. நான் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். இந்த முறை சரியாகிவிட்டது என்று நினைத்த நொடியில் அது ஒருமுறை நடுங்கியது. பிறகு யாரோ அடியிலிருந்து உதைத்ததுபோல எகிறி, கூரையைத் துளைத்துக்கொண்டு திரைக்கு வெளியே போய்விட்டது. தண்ணீர் பாட்டுக்கு ஏறிக்கொண்டேயிருந்தது.

அக்கா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு பேயி கீயி புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு கலக்கம் இருந்தது. கணக்கில் ஏதோ பிழை என்று மட்டும் சொல்லிவிட்டு நான் மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.

என் தொழில் கணினியில் தண்ணீர் செய்வது. விளம்பரங்களிலும் படங்களிலும் நீங்கள் பார்க்கிற கோப்பையில் விழும் பால், பாறையில் மோதும் அலை, இலையிலிருந்து சொட்டும் துளி ஆகியவற்றில் பல, யாரும் எங்கும் ஊற்றாத தண்ணீர். இலட்சக்கணக்கான துகள்களைத் திரைக்குள் விட்டுவிட்டால், ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதை எப்படித் தள்ளும், எங்கே வழுக்கிப் போகும் என்று கணினி கணக்குப் போட்டுப் போட்டு ஒரு ஓட்டத்தை உண்டாக்கும். இதை சிமுலேஷன் என்போம். கொழும்பில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இதைக் கற்றுக்கொண்டேன். எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று ஆனபிறகு பதுளைக்கு வந்து, டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருக்கிற அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். பிறந்து வளர்ந்த நமுனுகுல தோட்டத்தில் இன்டர்நெட் காற்றடித்தால் போய்விடும். அங்கிருந்து இந்த வேலையைச் செய்ய முடியாது. அக்கா மட்டும் அங்கே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். அம்மா அப்பா இல்லாத பிறகும் அதே காம்பரா அறையில் இருந்துகொண்டு தேயிலைக் கொழுந்து எடுத்தாள். அக்காவின் கணவர், அத்தானுக்குக் கொழும்பில் ஹோட்டல் சமையல் வேலை.

அந்த மாதம் மழை நிற்கவேயில்லை. லயத்துக்குப் பின்னால் மண்ணில் ஒரு வெடிப்பு தெரிகிறது என்று அதிகாரிகள் வந்து பார்த்து, எல்லோரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் போன் எடுத்து, பள்ளிக்கூடம் எல்லாம் வேண்டாம், நேரே பஸ் ஏறி வா என்று அடம்பிடித்தேன். ஒரு பயணப் பை, பிரஷர் குக்கர், குடை. இவ்வளவுதான் கொண்டுவந்தாள். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

அவள் வந்த நேரத்தில் எனக்கு இந்த அடுக்களை வேலை வந்திருந்தது. வெளிநாட்டில் யாரோ எடுக்கிற வெள்ள எச்சரிக்கைப் படம். ஒரு வீட்டின் அடுக்களைக்குள் தண்ணீர் புகுந்து, சாமான்கள் ஒவ்வொன்றாக மிதக்கத் தொடங்க வேண்டும். முக்காலி, வாளி, அலுமினியச் சட்டி, ஒரு மரப்பெட்டி, செருப்பு. சில வினாடிகள்தான். தண்ணீர் மட்டும் என்றால் எனக்கு அது ஒரு வேலையே இல்லை. மிதக்கிற சாமான்தான் உயிரை வாங்கும். சாதாரணமாகப் பொருள் தண்ணீரைத் தள்ளினால் போதும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மிதக்க வேண்டும் என்றால் தண்ணீரும் பொருளைத் திருப்பித் தள்ள வேண்டும். அது தள்ள, இது தள்ள, அந்தக் கணக்கில் எங்கோ ஒரு இடத்தில் பிசகினால் முக்காலி வானத்துக்குப் போய்விடும்.

ஒவ்வொரு முயற்சிக்கும் அரை நாள் ஓடிவிடும். ஒரு எண்ணை மாற்றி, கணக்குப் போட விட்டுவிட்டால், முடியும்வரை கணினியில் வேறு எதையும் தொட முடியாது. அதன் விசிறி இரைந்துகொண்டிருக்கும். நான் அறைக்குள் நடப்பேன். அக்காவும் நடப்பாள். விடியுமுன்னே எழும்பி, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கிற உடம்பு அவளுடையது. பகல் முழுக்க மலையில் ஏறி இறங்கிய கால்கள். அந்தச் சின்ன அறையில் அவள் என்னதான் செய்வாள்? கூட்டிய தரையையே கூட்டினாள். என் தேயிலை டப்பா, சீனி டப்பா எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தாள். பிறகு பல்கனியில் போய் நின்று நமுனுகுல மலை இருக்கும் பக்கம் பார்த்தாள். மலை மேகத்துக்குள் இருந்தது. அது தெரியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் உள்ளே வந்து என்னிடம் சொன்னாள்.

"உக்காரேன் அக்கா."

"நீ உக்காந்தியா?"

நான் மறுபடியும் நடந்தேன்.

முக்காலியின் பேயை ஒருவழியாகப் பிடித்தேன். காட்சி தொடங்கும்போதே அதன் கால்கள் தரைக்குள் ஒரு மயிரிழை அளவு புதைந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத அளவு. தரைக்குள் ஒரு பொருள் இருக்க முடியாது என்று கணினிக்குத் தெரியும். அதனால் வெளியே தள்ளப் பார்த்தபடியே இருந்திருக்கிறது. தண்ணீர் தூக்கியதும் அடக்கி வைத்திருந்த வேகம் முழுவதும் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. காலைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். எகிறுவது நின்றது.

அன்று சாயங்காலம் கொழும்பிலிருந்து எங்கள் ஸ்டுடியோ மேற்பார்வையாளர் கூப்பிட்டார். சிங்கள இளைஞர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். முக்காலி நல்லது, ஆனால் வாளியைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். வாளி தண்ணீரில் மிதக்கவில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு விரல் இடைவெளி விட்டுக் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அலுமினியச் சட்டியோ விழுந்தவுடன் கருங்கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்திருந்தது. முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டையும் நான் கவனிக்கவேயில்லை.

அடுத்த நாட்கள் இவற்றோடு போயின. வாளியின் உருவத்தைக் கணினி பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து அளந்திருந்தது. அதனால் அதற்கு வாளி என்பது உண்மையான வாளியைவிடக் கொஞ்சம் தடித்த, வாய் அடைபட்ட ஒரு கட்டை. உள்ளே தண்ணீர் போக வழியே இல்லை. கட்டங்களைச் சிறிதாக்கியதும் வாளி இறங்கித் தண்ணீரைத் தொட்டது, சாய்ந்தது, வாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீரை வாங்கிக்கொண்டது. சட்டியின் கோளாறு வேறு. அதை உருவாக்கியவர் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார். உள்ளே இருப்பது வெளியே என்று எடுத்துக்கொண்ட கணினி, அந்தச் சட்டிக்குக் கொள்ளளவே இல்லை என்று முடிவு கட்டியிருந்தது. பக்கங்களைத் திருப்பிப் போட்டேன்.

இப்போது எல்லாம் மிதந்தன. ஆனால் எதுவும் அடங்கவில்லை.

தண்ணீர் ஏறி நின்று, அலை ஓய்ந்து, கண்ணாடி மாதிரி ஆன பிறகும் சாமான்கள் நடுங்கிக்கொண்டேயிருந்தன. பெட்டி குளிர் காய்ச்சல் வந்ததுபோல ஆடியது. செருப்பு துடித்தது. எடையைக் கூட்டினேன், நடுக்கம் குறைந்தது, பாதி சாமான் மூழ்கியது. எடையைக் குறைத்தேன், மறுபடி நடுக்கம். சாப்பாட்டுத் தட்டோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சாப்பிடாமல் எழும்புவேன். மேற்பார்வையாளர் இன்னொன்றும் சொன்னார்: முக்காலி மிதப்பதைப் பார்த்தால் மரம் மாதிரியே இல்லை, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது.

அப்போதுதான் யோசித்தேன். ஒரு மர முக்காலி தண்ணீரில் எப்படிக் கிடக்கும் என்று நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை. கால் மேலே நிற்குமா, பக்கவாட்டில் சாயுமா? அக்காவிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

"முக்காலிய யாரு தண்ணியில போடுவா?" என்றாள்.

கீழே புடவைக் கடையில் மேல் தட்டுத் துணி எடுக்க ஏறி நிற்கிற பழைய மர முக்காலி ஒன்று இருந்தது. கடைக்காரர்தான் எனக்கு வீட்டுக்காரர். வயதானவர், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி நான் அவரை 'நானா' என்பேன், அவர் என்னை 'மகள்' என்பார். அவரிடம் போய், பல்ப் மாற்ற வேண்டும், முக்காலி கொஞ்சம் தாருங்கள் என்றேன். தண்ணீரில் போடப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். பல்கனியில் வைத்தால் மழைத்துளி விழுந்து தண்ணீர் கலங்கும் என்பதால், துணி துவைக்கிற பெரிய பிளாஸ்டிக் பேசினை அறையின் நடுவிலேயே வைத்தோம். வாளி வாளியாக அக்காதான் ஊற்றி நிரப்பினாள். பல நாளுக்குப் பிறகு அவள் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நடந்த நடையிலேயே ஒரு மாற்றம் தெரிந்தது.

முக்காலியை மெல்ல விட்டோம். நிமிர்ந்து நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கால் தண்ணீருக்குள்ளும் ஒரு கால் வெளியிலுமாகப் படுத்துக்கொண்டது. நான் போனில் படம் பிடித்தேன். அமுக்கி விடு என்றேன். அக்கா உள்ளங்கையால் அமுக்கி விட்டாள். மேலே வந்தது, இன்னொரு தடவை சோம்பலாக இறங்கி ஏறியது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. மறுபடி அமுக்கச் சொன்னேன். மறுபடியும் அப்படியே.

"இப்ப ஒரு அலை குடு அக்கா. வெள்ளம் வர்ற மாதிரி."

அவள் பேசினின் விளிம்பில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினாள். நல்ல அலை வந்தது. விளிம்பு பிளந்தது. பேசின் ஒரு பக்கமாக மடங்கி, அவ்வளவு தண்ணீரும் அறை முழுக்கப் பாய்ந்தது. என் கணினி மேசை மேல் இருந்ததால் பிழைத்தது. நான் ஓடிப்போய் வயர்களைத் தூக்கினேன். அக்கா பாயைச் சுருட்டினாள். அந்த அறையின் தரை பலகைத் தரை என்பது எங்கள் இருவருக்குமே அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

நானா படியேறி வரும் சத்தம் கேட்டது. அவசரமாக ஏறக்கூடிய மனிதர் இல்லை அவர். மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"மகள், கீழ சீலிங்கால தண்ணி ஊத்துது," என்றார். பிறகு அறையைப் பார்த்தார். பிளந்த பேசின். நனைந்த நாங்கள். நடுவில் அவருடைய முக்காலி, கால் மூன்றையும் நீட்டிக்கொண்டு கிடந்தது. அண்ணாந்து பல்ப்பைப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கணினி, வெள்ளம், முக்காலி நடுங்குவது எல்லாம். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கேட்டுவிட்டு, "பள்ளிக்கூட உடுப்புக்கு வச்ச வெள்ளைத் துணிதான் நனஞ்சிருக்கு. இந்த மழையில எங்க காயப்போடுறது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. "நான் வாறேன் முதலாளி," என்று அவருக்கு முன்னால் படி இறங்கிப் போய்விட்டாள்.

பலகை இடுக்கிலிருந்த தூசியெல்லாம் கரைந்து இறங்கி, வெள்ளைத் துணியில் பழுப்புக் கறையாகப் படிந்திருந்தது. அக்கா கடையின் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக அலசினாள். பின்பக்கத் தாழ்வாரத்தில் கயிறு கட்டிக் காயப்போட்டாள். காயாததை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தாள். நான் உதவிக்குப் போனபோது, "நீ போய் ஒன் வேலயப் பாரு," என்று அனுப்பிவிட்டாள். கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு அந்த வேலையைப் பங்கு போட மனமில்லை. மறுநாளும் காலையில் குளித்து, தலை சீவி, கடைக்கு இறங்கினாள். அதற்கடுத்த நாளும். துணியெல்லாம் சுத்தமான பிறகு நானாவே அவளிடம், பாடசாலை தொடங்குகிற நேரம், கூட்டம் வரும், இருந்து கொஞ்சம் கையுதவி செய்யுங்களேன் என்று கேட்டிருக்கிறார்.

இப்போது அறையில் நான் மட்டும். எனக்கு வேண்டியிருந்த அமைதி கிடைத்துவிட்டது. ஆனால் அவள் நடக்கிற சத்தம் இல்லாமல் எனக்கு உட்கார முடியவில்லை. கீழே அவள் யாரிடமோ பேசுவது, துணியை முழம் போட்டுக் கிழிக்கிற சத்தம், இவற்றுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போனில் எடுத்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அமுக்கி விட்ட முக்காலி ஒரு தடவை ஆடி நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது? தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கிறது. ஈரமரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தண்ணீர் ஒட்டிக்கொண்டு அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. என் காட்சியில் அந்த வேகத்தைத் தின்ன எதுவுமில்லை. அதோடு இன்னொன்று. நான் நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கணக்கின் அடிகளை, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்ததுக்கும் இடையிலான நேரத்தை, பெரிதாக வைத்திருந்தேன். தண்ணீர் பெட்டியை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். கண்ணைத் திறக்கும்போது பெட்டி வேண்டியதைவிட மேலே போயிருக்கும். பதறிப்போய்க் கீழே இழுக்கும். அது வேண்டியதைவிடக் கீழே போகும். இப்படியே முடிவில்லாமல். நடுக்கம் என்று நான் பார்த்தது இதைத்தான். அடிகளைச் சின்னதாக்க வேண்டும், தண்ணீர் பொருளை விட்டுக் கண் எடுக்காமல் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு முழுப் பகலும் அதற்கு மேலும் கணக்கு ஓடும். வேறு வழியில்லை. எண்களை மாற்றி, உராய்வையும் கொஞ்சம் சேர்த்து, காலையில் ஓடவிட்டேன்.

அன்று காலையில்தான் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. லயத்துக்காரர்கள் பகலில் வந்து சாமான்களை எடுத்துக்கொண்டு உடனே திரும்பிவிடலாம் என்று தோட்டத்திலிருந்து போன் வந்தது. அக்கா கடையிலிருந்து மேலே ஓடிவந்தாள். ஏற்கெனவே செருப்பைப் போட்டிருந்தாள். விசிறி இரைகிற கணினியை அப்படியே விட்டுவிட்டு நானும் கிளம்பினேன்.

பஸ் பசறை தாண்டி ஏறும்போது ஒரு வளைவில் மண் இறங்கியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் வெட்டி வழிவிட்டிருந்தார்கள். அதற்கு மேலே பஸ் போகாது என்று இறக்கிவிட்டார்கள். அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். நான் மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் அவளும் நின்றாள், திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் எதிரில் வந்தவர்களிடம் கேட்டுக்கொண்டாள்.

லயம் நின்றிருந்தது. தூரத்தில் பார்க்கும்போது ஒன்றும் ஆகாததுபோலத்தான் இருந்தது. கிட்டப் போனதும் தெரிந்தது, பின்பக்க வெடிப்பிலிருந்து சேறும் தண்ணீரும் அடுக்களைச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, காம்பராவைக் கடந்து, முன்வாசல் வழியாக வெளியே போயிருக்கிறது. அங்கே நின்ற அதிகாரி, உள்ளே ரொம்ப நேரம் நிற்க வேண்டாம், சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அது நான் பிறந்த வீடு. அடுப்பு இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் அதே நேரத்தில் என் கண் தன் பாட்டுக்கு வேறொரு வேலை செய்தது. செருப்புகள் எல்லாம் முன்மூலையில் ஒரே குவியலாக ஒதுங்கியிருக்கின்றன. சட்டி நிமிர்ந்தபடி சேறு நிரம்பி உட்கார்ந்திருக்கிறது. மிதக்கும்போதே நிரம்பியிருக்க வேண்டும். துணிப்பெட்டி வாசலுக்குக் குறுக்கே வந்து மாட்டி, அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் தேங்கியிருக்கிறது. சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்தில் ஒரு கோடு. நிறுத்த நினைத்தும் என்னால் நிறுத்த முடியவில்லை. கை பைக்குள் போய்ப் போனைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"படம் எடுத்துக்க," என்றாள். "ஒனக்கு வேணும்ல இது."

"வேணாம் அக்கா."

"வேணும்டி. அங்க உக்காந்து எத்தன நாளா முழிச்சிக்கிட்டு இருந்த."

அந்தக் குரலில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் போனை எடுக்கவில்லை. அவளே என் பையிலிருந்து போனை எடுத்தாள். சேற்றில் கால் வைத்து உள்ளே போய், சுவரை, அடுப்பு இருந்த இடத்தை, குறுக்கே கிடந்த பெட்டியை, கூரையை என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். அத்தானுக்கு அனுப்ப வேண்டும், நாளைக்கு வீடு கேட்டால் அதிகாரிகளுக்கும் காட்ட வேண்டும் என்றாள். போனை என்னிடம் தந்தபோது அவள் விரலில் இருந்த சேறு அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

பெட்டியை இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். அவளுடைய கல்யாணக் கூறைப்புடவை மேல்தட்டில் இருந்ததால் ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. தோசைக்கல்லைச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்தாள். கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு ஆணியில் தொங்கியபடியே காய்ந்திருந்தது. அதையும் மடித்து வைத்துக்கொண்டாள். மற்றது எதையும் தொடவில்லை. அதிகாரி வெளியிலிருந்து கூப்பிட்டார், வந்துவிட்டோம்.

இறங்கும்போது பஸ்ஸில் தோசைக்கல் அவள் மடியில் இருந்தது. பாதி வழியில் திடீரென்று கேட்டாள்.

"அந்த சாமானெல்லாம் ஆடுறது நின்னுச்சா?"

"காலையிலதான் ஓடவிட்டேன். போய்த்தான் பாக்கணும்."

"நிக்கும்," என்றாள். "தண்ணி போனா எல்லாம் நின்னுரும்."

வந்து பார்த்தபோது டவுனில் கரண்ட் போய்த் திரும்பியிருந்தது. கணக்கு முக்கால்வாசியில் நின்றுபோயிருந்தது. ஆனால் அதுவரை ஆனதைப் பார்க்க முடிந்தது. தண்ணீர் வந்தது, முக்காலி சாய்ந்தது, இரண்டு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக மிதந்தது, ஒருமுறை இறங்கி ஏறி அடங்கியது. பெட்டி அசையாமல் கிடந்தது. நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. திரையில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்ததுதான் கண்ணை உறுத்தியது. அடிவரை தெரிகிற வெள்ளம் எங்கே இருக்கிறது? அக்கா எடுத்த படங்களைத் திறந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் பார்த்தேன். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, இது குடிக்கிற தண்ணீர், வெள்ளத் தண்ணீர் இல்லை, கெட்டியாகவும் கலங்கலாகவும் வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும் என்றேன். அவர் நாள் இல்லையே என்று தயங்கினார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். இன்று பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். எங்கே என்று கேட்டார், சொன்னேன். பிறகு, நீங்கள் நினைக்கிறபடி செய்யுங்கள், கூடுதல் நாள் நான் பேசி வாங்குகிறேன் என்றார்.

சேற்றுத் தண்ணீரில் சாமான்கள் இன்னும் மந்தமாக நகர்ந்தன. நடுக்கம் என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. படம் போய்ச் சேர்ந்தது, ஏற்றுக்கொண்டார்கள்.

அக்கா கடையிலேயே இருந்துவிடுவாள் என்று நானும் நானாவும் நினைத்திருந்தோம். நானாவுக்கு அவள் கைராசி பிடித்துப்போயிருந்தது. ஆனால் தோட்டத்தின் மேல் டிவிசனில் தகரக் கொட்டில்கள் கட்டி முடித்து, லயத்துக்காரர்களுக்கு ஆளுக்கொரு இடம் தருகிறார்கள், மறுபடி பெரட்டு கூப்பிடுகிறார்கள் என்று சேதி வந்த அன்றே அவள் பையை எடுத்து வைத்துவிட்டாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தகரத்துக்குள் எப்படி இருப்பாய், குளிர் தாங்காது, இங்கேயே இருக்கலாமே.

"இங்க இருந்தா நான் ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்," என்றாள். "அங்க நம்ம சனம் இருக்கு. தேயிலையில எனக்குன்னு ஒரு நெர இருக்கு, நான் எடுக்காட்டி கொழுந்து முத்திப்போயிரும்."

நானா அவளுக்கு ஒரு போர்வை கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டாள். பஸ் நிலையத்தில் நான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏறி, சன்னல் பக்கம் இடம் பிடித்துவிட்டாள்.

அவள் போய்க் கொஞ்ச நாளில் முடிந்த படத்தை அவளுக்கு அனுப்பினேன். மலையில் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு வந்து பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம். நன்றாயிருக்கிறது என்றாள். முக்காலி இப்போது ஒழுங்காகக் கிடக்கிறது என்றாள். நான் அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ஏதோ விளக்கப் போனேன். அவள் இடைமறித்தாள்.

"ஆளுங்க எங்க?"

"எந்த ஆளுங்க?"

"அந்த வீட்டு ஆளுங்க. சாமான் எல்லாம் மெதக்குது. யாரையும் காணலியே. அவங்க எங்க போனாங்க?"

அந்தக் கேள்வியை நான் யோசித்ததே இல்லை. கொழும்பிலும் யாரும் கேட்கவில்லை, வெளிநாட்டிலிருந்தும் யாரும் கேட்கவில்லை.

"அவங்க முன்னாடியே வெளிய போயிட்டாங்க அக்கா," என்றேன். "தண்ணி வர்றதுக்கு முன்னாடியே."

"அப்ப சரி," என்றாள். பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, முன்னாடியே போயிட்டாங்களாம் என்று சொல்வது கேட்டது. பிறகு, மழை கட்டுது, கொழுந்து நிறுக்கப் போகணும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அடுத்த வேலை ஏற்கெனவே வந்திருந்தது. ஒரு குளிர்பானம், கோப்பைக்குள் மிதக்கிற ஐஸ் கட்டிகள். ஓடவிட்டுவிட்டு எழும்பினேன். பல்கனிக்குப் போனேன், உள்ளே வந்தேன், மறுபடி போனேன். மலையின் மேல்பாதி கறுத்திருந்தது. கீழே கடையில் நானா, அக்காவின் இடத்துக்கு வேலைக்கு வந்த ஒரு புது ஆளுக்கு மேல்தட்டுத் துணியைக் காட்டிக்கொண்டிருந்தார்.